கிரிட்டா, கிம்ப், மைபெயின்ட், இங்க்ஸ்கேப்: படம் போய்ச் சேரும் இடத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

கட்டற்ற ஓவிய மென்பொருளில் எதை எடுப்பது என்று கேட்பவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வரையும் படம் கடைசியில் எங்கே போய்ச் சேரப்போகிறது? கைப்பேசித் திரையோடு நிற்குமா, அச்சகத்துக்குப் போகுமா, அதன்மேல் தமிழ் வசனம் ஏறுமா, புகைப்படத்தோடு கலக்குமா, அசையுமா? பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்தது. மீதிப் பாதி, அந்த நிரலை இன்றைக்கு யார் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தூரிகை எத்தனை, வடிகட்டி எத்தனை என்று பட்டியல் போட்டு ஒப்பிடுவதில் இந்த இரண்டும் தெரியாது. அதனால்தான் அப்படிப் பட்டியல் பார்த்துத் தேர்ந்தவர்கள் மூன்று மாதம் கழித்து, முப்பது பக்கம் வரைந்த பிறகு, வேறு நிரலுக்கு மாற வேண்டி வருகிறது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வரைவதற்கும் வண்ணம் தீட்டுவதற்கும் கிரிட்டா. எழுத்துக்கும் இலச்சினைக்கும் இங்க்ஸ்கேப். புகைப்படம், ஸ்கேன் செய்த தாள் ஆகியவற்றைச் சீர்செய்ய கிம்ப். அச்சகத்துக்குக் கொடுக்கும் பிடிஎஃப் கோப்புக்குப் பக்க வடிவமைப்பு நிரலான ஸ்கிரைபஸ். மைபெயின்டை இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு முதன்மை நிரலாக நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதில் உள்ள தூரிகைகள் அருமையானவை என்பதை அறிந்தே இதைச் சொல்கிறோம்.

யார் கையில் இருக்கிறது

நான்கில் மூத்தது கிம்ப். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும் 1995-ல் எழுதத் தொடங்கினார்கள். 1996-ல் பொதுவெளிக்கு வந்தது. அதன் மெனு, பொத்தான்களுக்காக அவர்கள் எழுதிய ஜிடிகே என்ற தொகுப்பு பின்னால் தனியாகப் பிரிந்து, லினக்ஸின் க்னோம் மேசைச்சூழலுக்கே அடித்தளம் ஆனது. பெரும்பாலும் தன்னார்வலர்களே கிம்ப்பைப் பராமரிக்கிறார்கள். அதன் நன்மையும் தீமையும் காலக்கணக்கில் தெரியும்: 2.8 வந்தது 2012-ல், 2.10 வந்தது 2018-ல், 3.0 வந்தது 2025 மார்ச்சில். ஒரு பெரிய பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறேழு ஆண்டுகள். இன்று ஒரு வசதி இல்லை என்றால், அடுத்த ஆண்டு வரும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. ஆனால் முப்பது ஆண்டுகளாக நிற்காமல் ஓடும் நிரல், நாளை காணாமல் போகாது என்றும் நம்பலாம்.

கிரிட்டாவின் பிறப்பிலும் கிம்ப்புக்குப் பங்கு உண்டு. 1998-ல் மத்தியாஸ் எட்ரிச், கிம்ப்புக்கு க்யூடி என்ற வேறொரு தொகுப்பால் ஆன முகப்பைப் பொருத்திக் காட்டினார். கிம்ப் தரப்பு அதை விரும்பவில்லை. லினக்ஸின் இன்னொரு மேசைச்சூழலான கேடிஇயின் குழு 1999-ல் தனி நிரலாகவே தொடங்கியது. பெயர் இரண்டு முறை மாறி 'கிரிட்டா' ஆயிற்று. ஸ்வீடிஷ் மொழியில் அது சுண்ணக்கட்டியைக் குறிக்கும். முதல் வெளியீடு 2005-ல்தான் வந்தது. முழுமையான பட நிரலாக இருக்கப் பார்த்து எதிலும் நிறைவு காணாத அந்தக் குழு, 2009 வாக்கில் ஒரு தெளிவான முடிவுக்கு வந்தது: இது இனி வரைபவருக்கான நிரல், புகைப்படத் திருத்தியாக இருக்க முயலாது. கிரிட்டாவின் இன்றைய நிலைக்கு அந்த ஒரு முடிவுதான் காரணம் என்பது எங்கள் எண்ணம்.

பிறகு பணம். நீண்ட காலமாகக் கிரிட்டாவின் பராமரிப்பாளராக இருந்துவரும் ஹல்லா ரெம்ப்ட், நெதர்லாந்தில் அமைந்த கிரிட்டா அறக்கட்டளை வழியாக நிரலர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழி செய்தார். முதலில் சம்பளத்துக்கு வந்த நிரலர் திமித்ரி கசகோவ். 2014, 2015, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளும் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். இப்போது நன்கொடையோடு, ஸ்டீம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆகிய கடைகளில் விற்பனையும் நடக்கிறது. கடையில் காசு கொடுத்து வாங்கும் கிரிட்டாவும் அவர்கள் தளத்தில் இலவசமாக இறக்கும் கிரிட்டாவும் ஒரே நிரல்தான். கடையில் வாங்கினால் புதிய பதிப்பு தானாக ஏறும், காசு நிரலர்களுக்குப் போகும், வேறுபாடு அவ்வளவே. 2017-ல் வரித்துறையுடன் ஏற்பட்ட சிக்கலில் அறக்கட்டளையே தள்ளாடியபோது, பயனர்களின் நன்கொடைதான் அதைத் தூக்கி நிறுத்தியது. 4.0 (2018), 5.0 (2021), 5.2 (2023) என்று பதிப்புகள் ஒழுங்காக வருவதற்குப் பின்னால், மாதச் சம்பளத்தில் முழுநேரம் வேலை பார்க்கும் சில பேர் இருக்கிறார்கள்.

இங்க்ஸ்கேப் 2003-ல் சோடிபோடி என்ற நிரலிலிருந்து நான்கு நிரலர்கள் பிரித்தெடுத்தது. எஸ்விஜி என்ற, கோடுகளைக் கணக்காகச் சேமிக்கும் வெக்டர் படங்களுக்கான திறந்த தரத்தை முழுமையாகப் பின்பற்ற வேண்டும் என்பதே பிரிவின் காரணம். 1.0 என்ற எண்ணை எட்ட 2020 ஆயிற்று. ஆனால் அதன்பின் 1.3, 1.4 என்று வேகம் கூடியிருக்கிறது.

மைபெயின்ட் வேறு கதை. மார்ட்டின் ரெனோல்ட் 2004-ல் தொடங்கியது. அதன் தூரிகை இயந்திரம் 'லிப்மைபெயின்ட்' என்ற தனி நிரலகமாகப் பிரிந்தது. 2020-ல் வந்த 2.0 பதிப்பில், இரண்டு வண்ணங்களை ஒளியாகக் கூட்டாமல் நிறமிகளாகக் கலக்கும் முறை சேர்ந்தது: மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் சாம்பல் ஆகாமல் பச்சையாகும். அந்த ஆண்டுக்குப் பிறகு வேகம் குறைந்துவிட்டது. புதிய இயங்குதளத்தில் ஏதாவது உடைந்தால் உடனே திருத்த ஆள் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தூரிகை இயந்திரம் கிம்ப் 2.10-லும் கிரிட்டா 5.0-லும் உள்ளே வந்துவிட்டது. மைபெயின்ட் தூரிகைக் கோப்பைக் கிரிட்டாவிலேயே ஏற்றிப் பயன்படுத்தலாம். மூல நிரல் திறந்திருப்பதன் பலனை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது: வீட்டில் ஆள் குறைந்தாலும் விதை இரண்டு தோட்டத்தில் முளைத்திருக்கிறது.

இதே போல இன்னொன்று. பிரான்ஸின் கான் நகரில் உள்ள கிரேக் ஆய்வகத்தில் டேவிட் சும்பெர்லேயும் உடன் பணியாற்றுபவர்களும் ஜிமிக் என்ற வடிகட்டித் தொகுப்பை எழுதுகிறார்கள். கோட்டோவியத்தில் கோடு முழுதாக மூடாத இடத்திலும் வண்ணம் வழியாமல் நிரப்பும் அவர்களுடைய கணக்குமுறை, 2019-ல் கிம்ப் 2.10.10-ன் வாளிக் கருவியிலேயே சேர்ந்தது. கிரிட்டாவில் ஜிமிக் தொகுப்பு வழியாகவே அது கிடைக்கிறது. நீங்கள் எந்த நிரலை எடுத்தாலும் மற்றதன் உழைப்பும் கொஞ்சம் சேர்ந்தே வருகிறது.

பேனா அழுத்தம்: முதல் நாள் சிக்கல்

புதியவர்கள் நிரலைக் கைவிடுவது பெரும்பாலும் முதல் நாளில், ஒரே காரணத்துக்காக: பேனாவை அழுத்தினாலும் கோடு தடிப்பதில்லை. நிரலைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

விண்டோஸில் பேனா அழுத்தம் இரண்டு வழிகளில் நிரலுக்குள் வரும்: விண்டேப், விண்டோஸ் இங்க். வரையும் டேப்லெட்டின் இயக்கி (டிரைவர்) ஒன்றில் பேசி, நிரல் மற்றொன்றில் காது கொடுத்தால் கோடு வரும், அழுத்தம் வராது. கிரிட்டாவில் செட்டிங்ஸ், கான்ஃபிகர் கிரிட்டா, டேப்லெட் செட்டிங்ஸ் என்று போய் வழியை மாற்றி, நிரலை மூடித் திறக்க வேண்டும். அதே பக்கத்தில் டேப்லெட் டெஸ்டர் என்ற சிறிய பலகை உண்டு. அதில் கோடு போட்டால் அழுத்தத்தின் எண் ஓடும். எண் மாறாமல் நின்றால் குறை இயக்கியில் இருக்கிறது. எண் மாறியும் கோடு தடிக்கவில்லை என்றால் குறை தூரிகையில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். இரண்டு நிறுவனங்களின் டேப்லெட் இயக்கிகளை ஒரே கணினியில் வைத்திருப்பது அடிக்கடி நேரும் தவறு. பழையதை முழுக்க நீக்கிவிட்டே புதியதை ஏற்றுங்கள்.

கிம்ப் 2.10-ல் இதற்கு இரண்டு படி உண்டு. எடிட் மெனுவின் இன்புட் டிவைசஸ் பலகையில் பேனாவின் மோட் என்பதை 'ஸ்கிரீன்' என்று மாற்ற வேண்டும். பிறகு தூரிகையின் டூல் ஆப்ஷன்ஸில் டைனமிக்ஸ் என்ற இடத்தில் 'பிரஷர் சைஸ்' போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடக்கத்தில் அது அணைந்தே இருக்கும். அதோடு 2.10 விண்டோஸ் இங்க் வழியை அறியாது. 3.0-ல் ஜிடிகே 3-க்கு மாறியதும் இந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்தது: விண்டோஸ் இங்க் வழி சேர்ந்தது; நிரல் ஓடும்போதே டேப்லெட்டைச் செருகினாலும் அடையாளம் கண்டுகொள்கிறது. டேப்லெட் வைத்திருப்பவர் இன்று கிம்ப் எடுத்தால் 3.0 அல்லது அதற்கு மேல்தான் எடுக்க வேண்டும். பழைய 2.10-ஐ வைத்து எழுதிய வழிகாட்டிகளைப் பின்பற்றி மனம் தளர வேண்டாம்.

லினக்ஸில் வாகம் டேப்லெட்டுகள் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே ஆதரவு பெற்றவை. ஹுயியான், எக்ஸ்பி-பென், காவ்மான் போன்றவற்றுக்கு டிஜிமெண்ட் திட்டமும் ஓப்பன்டேப்லெட்டிரைவரும் கைகொடுக்கின்றன. ஓவிய நிரல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இயக்கிகளை எழுதுபவர்களை மறந்துவிடுகிறார்கள். மலிவான ஒரு டேப்லெட்டை வாங்கிச் செருகியதும் லினக்ஸில் கோடு தடித்து மெலிவது அவர்கள் ஒவ்வொரு மாதிரியையும் வாங்கி, சமிக்ஞைகளைப் படித்து, எழுதிய நிரலால்தான்.

கோடு நடுங்கினால் கிரிட்டாவின் தூரிகைக் கருவியில் நான்கு சீராக்கும் நிலைகள் உண்டு: ஒன்றுமில்லை, பேசிக், வெயிட்டட், ஸ்டெபிலைசர். நீளமான மை வளைவுக்கு ஸ்டெபிலைசர். முகத்தின் சிறு கோடுகளுக்குப் பேசிக். எல்லாவற்றுக்கும் ஸ்டெபிலைசரை வைத்துவிட்டு 'நிரல் மெதுவாக இருக்கிறது' என்பவர்கள் ஏராளம். அந்தத் தாமதம் அதன் வேலையே. கைக்குப் பின்னால் இழுத்து வருவதால்தான் கோடு நேராகிறது. கிம்ப்பிலும் 'ஸ்மூத் ஸ்ட்ரோக்' உண்டு, ஆனால் கிரிட்டா அளவுக்கு நிலைகள் இல்லை. தூரிகையை மாற்ற கிரிட்டாவில் பேனாவின் பொத்தானை வலது கிளிக்காக வைத்துக்கொண்டால், கை இருக்கும் இடத்திலேயே வட்டத் தட்டு விரியும். எட்டு மணி நேரம் வரைபவருக்கு இது சிறு வசதி இல்லை.

நினைவகக் கணக்கு

எந்த நிரலை எடுத்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏ4 தாள் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480 × 3508 பிக்சல்; ஏறக்குறைய 87 லட்சம். ஒரு பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் 8-பிட் அடுக்கு (லேயர்) ஒன்றுக்கு சுமார் 35 எம்பி. 50 அடுக்கு போட்டால் 1.7 ஜிபிக்கு மேல். 16-பிட்டுக்கு மாற்றினால் இரட்டிப்பு. 600 டிபிஐக்குப் போனால் நான்கு மடங்கு. கிரிட்டா கேன்வாஸை 64 × 64 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, மை பட்ட கட்டத்துக்கு மட்டுமே நினைவகம் எடுக்கிறது. ஆகவே ஒரு மூலையில் மட்டும் வரைந்த அடுக்கு மலிவு. ஆனால் 'ஃபில்' கருவியால் ஓர் அடுக்கு முழுக்க வண்ணம் கொட்டினால் முழு விலை. ஒரே நிறப் பின்னணிக்கு 'ஃபில் லேயர்' போட்டால் இது மிச்சம்.

4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் ஏ4, 300 டிபிஐ, 8-பிட், 15 முதல் 20 அடுக்கு என்ற எல்லைக்குள் கிரிட்டா பிடிவாதம் பிடிக்காமல் ஓடும். 8 ஜிபி இருந்தால் காமிக்ஸ் பக்கத்துக்குத் தாராளம். பெரிய தூரிகை இழுபட்டால் வியூ மெனுவில் 'இன்ஸ்டன்ட் பிரிவியூ'வை இயக்குங்கள். முதலில் குறைந்த துல்லியத்தில் காட்டிவிட்டு, முழுக் கணக்கைப் பின்னால் முடிக்கும். திரை கறுப்பாகிப்போனால் அது பெரும்பாலும் கிராபிக்ஸ் இயக்கியோடு உள்ள பிணக்கு. விண்டோஸில் டிஸ்பிளே பக்கத்தில் ரெண்டரரை ஓப்பன்ஜிஎல்லிலிருந்து ஆங்கிள் வழிக்கு மாற்றிப் பாருங்கள். அமைப்பே குழம்பிவிட்டால் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு கிரிட்டாவைத் திறங்கள். அமைப்புகளை அழித்துப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்கும்.

மிகக் குறைந்த திறன் உள்ள கணினியில், வெறும் கோட்டுப் பயிற்சிக்கு மைபெயின்ட் இன்னும் இனிமையானது. எல்லையில்லாத கேன்வாஸ், கண்ணை மறைக்காத திரை. ஆனால் தேர்வுக் கருவி இல்லை, எழுத்துக் கருவி இல்லை. முடித்த படத்தை எப்படியும் இன்னொரு நிரலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

சேமிப்பில் கை நழுவும் இடங்கள்

இங்கே கிம்ப்பும் கிரிட்டாவும் நேர் எதிராக நடக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுபவர்கள் வேலையை இழப்பது இதனால்தான்.

கிம்ப்பில் 'சேவ்' என்றால் அதன் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் மட்டும். பிஎன்ஜி வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்'. முதலில் எரிச்சலாக இருந்தாலும் அடுக்குகள் பாதுகாப்பாக இருக்கும். கிரிட்டாவில் 'சேவ் ஆஸ்' போட்டு பிஎன்ஜி என்று கொடுத்தால் அப்படியே சேமித்துவிடும். எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டிவிட்டு நிரலை மூடினால் எல்லா அடுக்கும் ஒரே தட்டையாகப் போய்விடும். கிரிட்டாவில் வேலை செய்பவர்கள் எப்போதும் அதன் சொந்த வகையான கேஆர்ஏ கோப்பில் சேமித்து, பிஎன்ஜியை எக்ஸ்போர்ட் வழியாக மட்டுமே எடுக்கப் பழக வேண்டும்.

கிரிட்டாவில் பெயர் வைக்காத படத்தின் தானியங்கிச் சேமிப்பு விண்டோஸின் டெம்ப் கோப்புறையில் விழும். கணினியைச் சுத்தம் செய்யும் நிரல் ஓடினால் அதுவும் சேர்ந்து போகும். ஆகவே முதல் கோடு போடும் முன்பே பெயர் வைத்துச் சேமியுங்கள். தானியங்கிச் சேமிப்பின் இடைவெளியை ஐந்து நிமிடமாக வையுங்கள். கிரிட்டா சேமிக்கும்போது முந்தைய பிரதியைக் கோப்பின் பெயருக்குப் பின்னால் அலைக்குறி இட்டு வைத்திருக்கும். கோப்பு கெட்டால் முதலில் அதைத் தேடுங்கள். கேஆர்ஏ என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி. பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே எல்லா அடுக்கும் சேர்ந்த பிஎன்ஜி படம் ஒன்று இருக்கும். கிரிட்டாவே திறக்க மறுத்த கோப்பிலிருந்து அந்தப் படத்தையாவது மீட்டுவிடலாம்.

கிம்ப்பில் இன்னொரு பொறி: ஒவ்வோர் அடுக்குக்கும் தனி எல்லை. ஒட்டிய படத்தின் அடுக்கில் அதன் ஓரத்தைத் தாண்டி வரைந்தால் ஒன்றும் பதியாது. தூரிகை கெட்டுவிட்டது போலத் தோன்றும். 3.0-ல் அடுக்கைத் தானாக விரிக்கும் தெரிவு வந்துவிட்டது, அதை இயக்கிக்கொள்ளுங்கள். கிரிட்டாவில் இந்தப் பிரச்சினையே கிடையாது.

ஒரு நிரலிலிருந்து மற்றதுக்கு அடுக்குகளோடு கொண்டுபோக ஓஆர்ஏ அல்லது பிஎஸ்டி வகைக் கோப்பு. எக்ஸ்சிஎஃப் கோப்பைக் கிரிட்டா அப்படியே படித்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஓஆர்ஏவில் அடுக்கும் அதன் பெயரும் போகும், மாஸ்க் (அடுக்கின் ஒரு பகுதியை மறைக்கும் திரை) போகாது. எழுத்து, வெக்டர் எதுவானாலும் கடந்துபோகும்போது வெறும் பிக்சலாகிவிடும். எனவே நிரல் மாற்றம் வேலையின் நடுவில் வேண்டாம், ஒரு கட்டம் முழுதாக முடிந்த இடத்தில் வையுங்கள்.

தமிழ் எழுத்து ஏறும்போது

இங்கேதான் தமிழ்க் காமிக்ஸ், சுவரொட்டி, புத்தக அட்டை செய்பவர்களுக்குத் தேர்வு வேறாகிறது. 'கொ' என்று தட்டும்போது ககரமும் ஒகரக் குறியும்தான் கணினிக்குள் போகின்றன. குறியை இரண்டாகப் பிரித்து எழுத்தின் இரு பக்கமும் வைப்பது வடிவமைக்கும் நிரலகத்தின் வேலை. பல நிரல்களில் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ். இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் பாங்கோ என்ற உரை நிரலகம் வழியாக அதைப் பயன்படுத்துவதால் தமிழ் ஒழுங்காக வரும். கிரிட்டாவில் 5.2-ல்தான் எழுத்தை அடுக்கும் பகுதி ஹார்ஃப்பஸ்ஸை வைத்துப் புதிதாக எழுதப்பட்டது. அதிலும் உரையைத் தனிச் சாளரத்தில் தட்ட வேண்டும். பலூன் பலூனாக வசனம் வைப்பவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும்.

பிரெஞ்சு ஓவியர் டேவிட் ரெவோய் 2014 முதல் வெளியிட்டுவரும் இணையக் காமிக்ஸ் இதற்கு நல்ல முன்மாதிரி. ஓவியம் கிரிட்டாவில், வசனம் இங்க்ஸ்கேப்பில், தனி எஸ்விஜி கோப்பாக. படத்தைத் தொடாமலே எழுத்தை மட்டும் மாற்ற முடிவதால், பல மொழிகளுக்குத் தன்னார்வலர்கள் அதை மொழிபெயர்க்கிறார்கள். தமிழில் செய்பவர்களும் இந்தப் பிரிப்பையே பின்பற்ற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அச்சேறும் நாளுக்கு முதல் நாள் ஒரு சந்திப்பிழை கண்ணில் பட்டாலும் ஓவியத்தைத் திறக்க வேண்டியிருக்காது.

இங்க்ஸ்கேப்பில் செய்முறை இப்படி. கிரிட்டாவிலிருந்து எடுத்த பிஎன்ஜியை 'லிங்க்' ஆக வையுங்கள். 'எம்பெட்' செய்தால் கோப்பு ஊதிவிடும். லிங்க் என்றால் படக் கோப்பை வேறு கோப்புறைக்கு நகர்த்தக் கூடாது. பிறகு எழுத்து, அதன்பின் பலூன். பலூனை முதலில் வரைந்துவிட்டு எழுத்தைத் திணிப்பது தமிழில் ஒத்துவராது. 'சொல்லிக்கொண்டிருந்தேன்' போன்ற ஒரு சொல்லே ஒரு வரி ஆகிவிடும். வரி இடைவெளி தொடக்கத்தில் 1.25 இருக்கும், மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'ணு'வின் காலும் மோதாமல் இருக்க 1.35 முதல் 1.45 வரை வையுங்கள். எழுத்துருவுக்கு முக்தா மலர், ஹிந்த் மதுரை, கடமரன், பலூ தம்பி, காவிவனார், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் உள்ளவை. விற்பனைக்கான புத்தகத்திலும் தயங்காமல் பயன்படுத்தலாம். காமிக்ஸ் வசனத்துக்குப் பலூ தம்பி தடிமனும் உருண்டையுமாகப் பொருந்தும். நீண்ட விவரிப்புக்கு முக்தா மலர். ஒலிச் சொற்களுக்குக் கிம்ப் 3.0-ல் எழுத்தின் விளிம்புக்கு வண்ணம் கட்டும் வசதி வந்திருந்தாலும், எழுத்தை வளைத்து நெளிக்க இங்க்ஸ்கேப்பே வசதி.

லினக்ஸில் ஆப்இமேஜ் போன்ற ஒரே கோப்புப் பொதிகளாக இறக்கிய நிரலில் தமிழ்99 விசைப்பலகை சில நேரம் இணையாது. அப்போது வேறொரு உரைத்திருத்தியில் யூனிகோடில் தட்டி ஒட்டுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பிரதி கையில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டே தொடங்குங்கள். பாமினி எழுத்துருவைக் கணினியில் ஏற்றி அப்படியே வைத்தால் இன்று வேலை முடியும். மூன்று ஆண்டு கழித்து மறுபதிப்புக்கு அந்தக் கோப்பில் ஒரு சொல்லைத் தேடக்கூட முடியாது.

அச்சகத்துக்கு

நான்கு வண்ண அச்சு என்றால் சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை). கிரிட்டா நேரடியாகவே சிஎம்ஒய்கேயில் வரையவிடும். இருந்தும் அப்படி வரைய வேண்டாம் என்றுதான் சொல்வோம். பல கலப்பு முறைகள், திரையின் சிவப்பு-பச்சை-நீல முறையான ஆர்ஜிபியில் நடப்பது போல அதில் நடப்பதில்லை. ஆர்ஜிபியில் வரையுங்கள், அச்சகத்தின் வண்ண விவரக் கோப்பை ஏற்றி, கன்ட்ரோல்-ஒய் அழுத்தி அச்சில் எப்படி வரும் என்று அவ்வப்போது பாருங்கள், கடைசியில் பிரதி எடுத்து மாற்றுங்கள். பளிச்சென்ற நீலமும் பச்சையும் மங்குவதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. கிம்ப் 3.0 இந்த முன்னோட்டத்தையும் சிஎம்ஒய்கே டிஃப், ஜேபெக் ஏற்றுமதியையும் தருகிறது. உள்ளே வேலை நடப்பது ஆர்ஜிபியில்தான். இங்க்ஸ்கேப் 1.4 வரை பிடிஎஃப்பை ஆர்ஜிபியாகவே கொடுக்கிறது. ஆகவே கடைசிக் கட்டத்துக்கு ஸ்கிரைபஸ்.

அளவு: ஏ4 பக்கத்துக்குச் சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு ஓரம் சேர்த்தால் 216 × 303 மி.மீ.; 300 டிபிஐயில் 2551 × 3579 பிக்சல். இதைத் தொடக்கத்திலேயே போடுங்கள். பிறகு பின்னணியை இழுத்து நீட்டுவது வீண் வேலை. வெறும் கறுப்புக் கோட்டோவியம் என்றால் 600 டிபிஐ. ஓர் இடத்தில் விழும் நான்கு மையின் கூட்டு அளவு பளபளப்புத் தாளுக்கு 300 விழுக்காடும் செய்தித்தாளுக்கு 240 விழுக்காடும் தாண்டக் கூடாது. தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்.

ஸ்கிரைபஸ் 1.4-ல் தமிழ் உடைந்துபோகும், 1.6-ல் வடிவமைப்பு சரியாக நடக்கிறது. ஓமனிலிருந்து ஒரு குழு அரபிக்காகச் செய்து கொடுத்த பணியே அதற்கு வழி திறந்தது, நமக்கும் பயன்பட்டது. இருந்தாலும் இங்க்ஸ்கேப்பிலிருந்து வரும் வசனத்தை 'ஆப்ஜெக்ட் டு பாத்' வழியாக உருவமாக மாற்றி, தனிப் பிரதியாகச் சேமித்தே கொண்டுவாருங்கள். மாற்றாத மூலக் கோப்பைத் தொட வேண்டாம். அச்சகத்தில் உங்கள் எழுத்துரு இருக்கிறதா என்ற கேள்வியே அப்போது எழாது.

ஸ்கிரைபஸ்ஸில் எஸ்விஜியை இறக்கியதும் எடிட் மெனுவின் வண்ணப் பட்டியலைத் திறங்கள். 'ஃப்ரம்எஸ்விஜி' என்று தொடங்கி ஆறு பூஜ்யத்தில் முடியும் கறுப்பு இருக்கும், அது ஆர்ஜிபி. அதைச் சிஎம்ஒய்கேக்கு மாற்றி 0, 0, 0, 100 என்று வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் கறுப்பு எழுத்து நான்கு மையிலும் அச்சாகும்; அச்சுத் தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும். பிறகு டாக்குமெண்ட் செட்டப்பில் கலர் மேனேஜ்மெண்ட்டை இயக்குங்கள். அதை இயக்கினால்தான் ஏற்றுமதிப் பலகையில் அச்சுக்கான தரங்களான பிடிஎஃப் எக்ஸ்-1ஏ, எக்ஸ்-3, எக்ஸ்-4 தெரிவுகள் உயிர் பெறும். எக்ஸ் வகைகளில் 'இன்ஃபோ ஸ்ட்ரிங்' காலியாக இருந்தால் சேமிக்க விடாது. புத்தகத்தின் பெயரைப் போட்டால் போதும்.

அசைவு

முப்பது வினாடிக்குள் கைவரை அனிமேஷன் என்றால் கிரிட்டா போதும். 5.2 முதல் வீடியோ ஏற்றுமதிக்கு வேண்டிய எஃப்எஃப்எம்பெக் உடனேயே வருகிறது. அதற்கு முன் தனியாக இறக்கி இடம் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு மேல் நீளம், கேமரா நகர்வு, பல காட்சி என்றால் முப்பரிமாண நிரலான பிளெண்டரின் கிரீஸ் பென்சில் கருவி. பிக்சல் கோடு வேண்டுமா, பின்னால் வளைத்துத் திருத்தக்கூடிய கோடு வேண்டுமா என்பதே அங்கே உண்மையான தேர்வு.

முடிவு செய்யும் முன்

எங்கே இறக்குவது என்பதிலும் கவனம் வேண்டும்: அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளம் அல்லது லினக்ஸ் வழங்கலின் களஞ்சியம். 2015-ல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் கிம்ப்பின் விண்டோஸ் நிறுவியோடு விளம்பர நிரல்கள் சேர்த்து வழங்கப்பட்டன. கிம்ப் குழு அதற்கு முன்பே அந்தத் தளத்தை விட்டு வெளியேறியிருந்தது. ஐபேடு மட்டும் வைத்திருப்பவருக்குக் கிரிட்டா கிடையாது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஓடும். கைப்பேசித் திரைக்கு அதன் முகப்பு பொருந்தாது.

வழு கண்டால் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் நிரலரால் ஒன்றும் செய்ய முடியாது. கிரிட்டாவின் ஹெல்ப் மெனுவில் கணினி விவரத்தையும் இயக்கப் பதிவையும் எடுத்துத் தரும் இரண்டு தெரிவுகள் உண்டு. இரண்டையும் இணைத்து, எந்த டேப்லெட், எந்தத் தூரிகை, எத்தனை பிக்சல் கேன்வாஸ், எந்த வரிசையில் என்ன செய்தபோது நேர்ந்தது என்று எழுதுங்கள். வேறொருவர் கணினியில் அதே வழு மறுபடி நேர்ந்தால் பாதித் திருத்தம் முடிந்தது போல.

முதல் வாரத்தில் முழுக் கதையை வரைய உட்கார வேண்டாம். கால் பக்கம், இரண்டு கட்டம், மூன்று பலூன் போதும். கிரிட்டாவில் வரைந்து, இங்க்ஸ்கேப்பில் வசனம் வைத்து, ஸ்கிரைபஸ்ஸில் பிடிஎஃப் எடுத்து, புத்தகம் அச்சாகப்போகும் அதே தாளில் அச்சகத்தில் ஒரு சோதனைப் பிரதி போடுங்கள். உருப்பெருக்கி வைத்து மூன்று இடங்களைப் பாருங்கள்: கறுப்பு எழுத்தின் விளிம்பில் வண்ணம் கசிகிறதா, அடர்ந்த நிழலில் விரல் தேய்த்தால் மை ஒட்டுகிறதா, 'ணு'வின் கால் அடுத்த வரியின் புள்ளியில் இடிக்கிறதா.